ஹார்ட் டிஸ்க்கோடு விமானம் ஏறலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, பதினொரு வருடம் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு நாட்டுக்குக் குடிபோகிறோம். மூன்று வாரத்தில் பயணம். வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. குடும்பப் படங்கள் எல்லாம் அவற்றில்தான். தனியாக ஒரு சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க் உண்டு. காலமான என் அப்பா பாடியது, பேசியது என்று நாற்பது மணி நேரப் பதிவு அதில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்கேனர் எக்ஸ்ரே பட்டால் டிஸ்க் அழிந்துவிடும், அலுமினியத் தாள் சுற்றிப் பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வை என்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் குளிரும் காற்றழுத்தமும் டிஸ்க்கைக் கெடுத்துவிடும் என்று வேறு சிலர். கம்ப்யூட்டரை அப்படியே அட்டைப்பெட்டியில் போட்டு லக்கேஜாக அனுப்பலாமா? எடையைக் குறைக்க அப்பாவின் பழைய கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். என் தம்பி ஒரு மாதம் கழித்து வருகிறான். எதை எப்படி எடுத்துப்போவது? – ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

நாற்பது மணி நேரப் பதிவு 'அதில் மட்டும்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'மட்டும்தான்' எனக்குப் பகீரென்றது. கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து டேட்டாவை மீட்டெடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் மேஜைக்கு வரும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை அந்த ஒரே பிரதியைச் சுமந்து வந்தவை. ஆகவே பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேசும் முன், இன்றே செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதிவுகள் சாதாரண எம்பி3 கோப்புகளாக இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 60 எம்பி. நாற்பது மணி நேரமும் சேர்த்து இரண்டரை ஜிபி கூட வராது. சுருக்காத வேவ் கோப்புகளாக இருந்தாலும் 25 ஜிபி அளவுக்குத்தான் வரும். அதாவது உங்கள் அப்பாவின் குரல் முழுவதும் ஒரு 32 ஜிபி பெண்டிரைவில் அடங்கிவிடும். இன்று சாயங்காலத்துக்குள் அதை ஒரு பெண்டிரைவில் ஏற்றுங்கள். இன்னொரு பிரதியை நீங்கள் வைத்திருக்கும் கிளவுட் கணக்கில் ஏற்றுங்கள். மூன்றாவதைத் தம்பியின் லேப்டாப்பில் போட்டுவிடுங்கள். ஏற்றியதோடு விட்டுவிடாமல், பிரதியில் ஐந்தாறு பதிவுகளைத் திறந்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிக் கேளுங்கள். கோப்பின் பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றுமில்லாமல் இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படங்கள் அளவில் பெரியவை. அவற்றுக்குப் புதிதாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி முழுப் பிரதி எடுங்கள். தம்பி ஒரு மாதம் கழித்து வருகிறார் என்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. மூலம் உங்களோடு பறக்கட்டும், பிரதி அவரோடு பறக்கட்டும். நீங்கள் போய்ச் சேர்ந்து, டிஸ்க்கைப் போட்டுப் பார்த்து, 'எல்லாம் சரி' என்று சொல்லும் வரை அந்தப் பிரதி அவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒரே பையில் வைத்து நீங்களே கொண்டுபோனால், பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இதைச் செய்து முடித்துவிட்டால் கீழே எழுதியிருப்பதைப் படிக்கும்போது உங்கள் மனசு லேசாக இருக்கும்.

எக்ஸ்ரே பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஃபிலிம் கேமரா காலத்தில், கழுவாத ஃபிலிம் ரோல் ஸ்கேனருக்குள் போனால் படங்கள் மங்கிப்போகும் என்று எச்சரிப்பார்கள். அது உண்மை. ஃபிலிமில் இருப்பது ஒளிக்கும் எக்ஸ்ரேக்கும் வினைபுரியும் ரசாயனப் பூச்சு. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது காந்தப் பதிவு. எக்ஸ்ரேயால் அந்தக் காந்தத் திசையைப் புரட்ட முடியாது. ஃபிலிமைப் பற்றிய பயம் அப்படியே டிஸ்க்கின் மேல் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். நாம் நடந்து போகும் மெட்டல் டிடெக்டர் வாசலில் காந்தப்புலம் உண்டு, ஆனால் மிகவும் மெலிது. உங்கள் டிஸ்க்கின் உள்ளேயே, டேட்டாவைப் படித்து எழுதும் 'ஹெட்' என்ற நுண்ணிய முனையை அசைப்பதற்கென்று, வலுவான நியோடிமியம் காந்தங்கள் வைத்திருக்கிறார்கள். கெட்டுப்போன டிஸ்க்கைப் பிரித்து அவற்றை வெளியே எடுத்து ஒரு இரும்புத் துண்டில் ஒட்டினால் பிய்த்தெடுக்கக் கை வலிக்கும். அவ்வளவு பக்கத்தில் அவற்றை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் டேட்டாவைக் காப்பாற்றும் தட்டுக்கு, வாசல் டிடெக்டர் ஒரு பொருட்டே இல்லை. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி, பெண்டிரைவ் ஆகியவற்றுக்கும் சோதனை எக்ஸ்ரேயால் ஆபத்து இல்லை.

அலுமினியத் தாளைச் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். அந்த மெல்லிய தாளால் எக்ஸ்ரேயைத் தடுக்க முடியாது. ஒரு பொருளை உலோகத் தாளில் மூடி வைத்திருப்பதைப் பார்த்தால் அதிகாரி பையைத் திறக்கச் சொல்ல வாய்ப்பு கூடும். பையைத் திறந்து நான்கு பேர் கை மாறும்போதுதான் டிஸ்க் கீழே விழும். தாளின் துணுக்கு ஒன்று கிழிந்து டிஸ்க்கின் சர்க்யூட் பலகையில் ஒட்டிக்கொண்டால், கரண்ட் கொடுக்கும்போது ஷார்ட் ஆகவும் இடமுண்டு.

அடுத்து உயரமும் குளிரும். இந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருப்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் ஹெட் தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும் வேகத்தில் கூடவே இழுபடும் காற்று, மெத்தை மாதிரி அதைத் தாங்கிப் பிடிக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் இருக்கும். உயரமான மலையில் காற்று மெலிந்தால் அந்த மெத்தையும் மெலியும், ஹெட் தட்டில் உரசக்கூடும். அதனால்தான் சாதாரண டிஸ்க்குகளை ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம் வரைதான் இயக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் வரம்பு வைக்கிறார்கள். இந்த வரம்பு ஓடும் டிஸ்க்குக்கு மட்டும். அணைத்து வைத்த டிஸ்க்குக்கு வழக்கமான வரம்பு 12,000 மீட்டர். பயணிகள் விமானம் பறப்பதே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான். அதோடு, உள்ளே காற்றழுத்தத்தை 2,400 மீட்டர் மலை மேல் இருக்கும் அளவுக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம் காலுக்கடியில் இருக்கும் சரக்கு அறைக்கும் அதே அழுத்தம்தான். குளிரைப் பொறுத்தவரை, அணைத்து வைத்த டிஸ்க் மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும். சரக்கு அறை அந்த அளவுக்குக் குளிர்வதில்லை.

டிஸ்க்கை விமானத்தில் அனுப்புவது எவ்வளவு சகஜம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு உதாரணம் உண்டு. 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படம் வெளியானது நினைவிருக்கலாம். அதற்கான டேட்டா, 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளில் பதிவானது. மொத்தம் ஐந்து பெட்டாபைட், அதாவது ஐம்பது லட்சம் ஜிபி அளவு. இணையத்தில் அனுப்பிக் கட்டுப்படியாகாது என்பதால், அரை டன் எடையுள்ள ஹார்ட் டிஸ்க்குகளாக விமானத்தில்தான் வந்தன. ஒரு பகுதி அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும், இன்னொரு பகுதி ஜெர்மனியின் பான் நகரில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கும் போய்ச் சேர்ந்தன. தென் துருவத்தில் பதிவான டிஸ்க்குகள் மட்டும், குளிர்காலம் முடிந்து விமானம் இறங்க முடியும் வரை மாதக்கணக்கில் அங்கேயே காத்திருந்தன. அந்தத் தொலைநோக்கிகளில் சில 4,000, 5,000 மீட்டர் உயரத்தில் இருப்பவை. அங்கே டிஸ்க் ஓடியாக வேண்டும். ஆகவே அவர்கள் பயன்படுத்தியது ஹீலியம் நிரப்பி முழுக்க மூடி முத்திரையிட்ட டிஸ்க்குகளை. உங்களுக்கு அது தேவையில்லை. உங்கள் டிஸ்க்குகள் தூங்கிக்கொண்டேதான் பறக்கப்போகின்றன.

அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? கீழே விழுவதற்கு. என் மேஜைக்கு விமானத்தாலோ ஸ்கேனராலோ கெட்ட டிஸ்க் என்று ஒன்றுகூட வந்ததில்லை. விழுந்த டிஸ்க்குகள் வாரம் தவறாமல் வருகின்றன.

விழும் பொருளுக்கு எவ்வளவு அதிர்ச்சி என்பதைத் தோராயமாகக் கணிக்க எளிய வழி ஒன்று உண்டு. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதை, தரையில் பட்ட பிறகு எவ்வளவு தூரத்துக்குள் நின்றது என்பதால் வகுத்தால் போதும். மேஜை உயரம் 75 சென்டிமீட்டர். வெறும் டிஸ்க் கல்தரையில் விழுந்து ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், 750. அதாவது அதன் எடையைப் போல 750 மடங்கு விசை. இதை 750 ஜி என்பார்கள். அதே உயரத்திலிருந்து விழும் டிஸ்க்கைச் சுற்றி நல்ல ஃபோம் இருந்து, அது மூன்று சென்டிமீட்டர் அமுங்கிக்கொடுத்தால், வெறும் 25 ஜி. பெரிய 3.5 அங்குல டிஸ்க்குகள் ஓடாமல் இருக்கும்போது வழக்கமாக 250 முதல் 300 ஜி வரை தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பல மாடல்களில் 70 ஜி அளவோடு சரி. சின்ன 2.5 அங்குல டிஸ்க்குகள் நிறுத்தி வைத்திருந்தால் 1,000 ஜி அளவைக்கூடத் தாங்குபவை. இப்போது உங்களுக்கே புரியும்: டிஸ்க்கை மூட வேண்டியது தடித்த இரும்பால் அல்ல, அமுங்கிக்கொடுக்கும் பொருளால். இரும்புப் பெட்டிக்குள் டிஸ்க்கை இறுக்கமாக வைத்தால், பெட்டி வாங்கும் அடி குறையாமல் டிஸ்க்குக்குப் போய்ச் சேரும்.

ஆக, பெரிய டிஸ்க் ஒவ்வொன்றையும் முதலில் ஆன்டி-ஸ்டேட்டிக் கவருக்குள் போடுங்கள். புது டிஸ்க் வாங்கும்போது வரும் சாம்பல் நிறக் கவர்தான் அது. அந்தக் கவர் இல்லாமல் நேரடியாகப் பபுள் ரேப்பையோ கம்பளித் துணியையோ சுற்ற வேண்டாம். உரசலில் நிலைமின்சாரம் ஏறும். கவருக்கு மேல் எல்லாப் பக்கமும் நான்கைந்து சென்டிமீட்டர் தடிமனுக்கு ஃபோம் வேண்டும். கையால் அழுத்தினால் அமுங்க வேண்டும், அதே சமயம் டிஸ்க்கின் எடைக்கே சப்பென்று தட்டையாகிவிடக் கூடாது. 3.5 அங்குல டிஸ்க் முக்கால் கிலோ அளவுக்கு எடை வரும். பஞ்சு மாதிரியான மிக மென்மையான ஃபோம் அதற்கு ஒத்துவராது. ஃபோம் கிடைக்காவிட்டால் பருத்தித் துண்டை நாலைந்து மடிப்பாக மடித்துச் சுற்றினாலும் போதும். இரண்டு டிஸ்க்குகள் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஃபோம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரே குழியில் இரண்டை வைப்பார்கள். உலோகமும் உலோகமும் மோதும்போது நிற்கும் தூரம் என்று ஒன்றும் இருப்பதில்லை. ஒரு சின்ன மோதலே நூற்றுக்கணக்கான ஜி ஆகிவிடும்.

சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு, உள்ளே ஃபோம் வைத்த கெட்டி உறை கடைகளில் கிடைக்கும். யுஎஸ்பி கேபிளைக் கழற்றித் தனியாக வையுங்கள். கேபிள் செருகியபடியே பையில் திணித்தால் நெரிசலில் டிஸ்க்கின் போர்ட் பெயர்ந்துவிடும்.

எந்தப் பையில் வைப்பது? கைப்பையில்தான். செக்-இன் பெட்டி கன்வேயரில் ஏறி இறங்கி, வண்டியில் எறியப்பட்டு, மேலே இன்னொரு பெட்டி விழுந்து போய்ச் சேருகிறது. அதைப் பொதியால் ஓரளவு சமாளித்துவிடலாம். பெட்டியே வராமல் போனால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சர்வதேசப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் கிடைக்கும் இழப்பீட்டுக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்தத் தொகை கைக்கு வந்தாலும் அப்பாவின் பாட்டு திரும்ப வராது. கைப்பையைத் தலைக்கு மேல் இருக்கும் அறையில் வைக்காமல், முன் இருக்கைக்கு அடியில், உங்கள் காலருகே வையுங்கள். மேல் அறையைத் திறக்கும்போது பைகள் சரிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் இடமில்லை என்று வாசலில் கைப்பையைக் கேட்டு வாங்கினால், டிஸ்க் பொதியை மட்டும் வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தோதாக அதைப் பையின் மேல்பக்கம், தனியாக உருவி எடுக்கும்படி வைத்திருப்பது நல்லது. சோதனைத் தட்டில் வைக்கச் சொன்னாலும் அப்போது சுலபமாக இருக்கும். அதிகாரி கேட்டால் 'கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க், குடும்பப் படங்கள்' என்று நேராகச் சொல்லுங்கள். பிரிக்க வேண்டுமென்றால் நானே பிரித்துக் காட்டுகிறேன் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

பேட்டரி உள்ள வயர்லெஸ் டிஸ்க், பவர் பேங்க் போன்றவை உங்களிடம் இருந்தால், அவையும் கைப்பையில்தான் வர வேண்டும்.

கம்ப்யூட்டரை அப்படியே அட்டைப்பெட்டியில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பலாம், டிஸ்க்குகளை வெளியே எடுத்துவிட்டு. சிபியு பெட்டிக்குள் டிஸ்க்கைத் திருகாணி போட்டு உலோகச் சட்டத்தோடு இறுக்கியிருப்பார்கள். பெட்டி விழுந்தால் நேரடி அடி. கனமான கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது செருகியிருக்கும் இடத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். கழற்றுவதற்கு முன் மின் இணைப்பை எடுத்துவிட்டு, சிபியு பெட்டியின் உலோகப் பாகத்தை ஒரு முறை கையால் தொட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க்கை ஓரங்களைப் பிடித்து எடுங்கள், அடியில் இருக்கும் சர்க்யூட் பலகையில் விரல் வைக்க வேண்டாம். எது எந்த இடத்தில், எந்தக் கேபிளில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, டிஸ்க்கின் மேல் '1', '2' என்று ஒட்டிவிடுங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றும்போது ஒரு சின்னப் பழக்கம் வேண்டும். திரையில் 'இஜெக்ட்' கொடுத்து, கேபிளை எடுத்த பிறகும் இருபது விநாடி அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குள் கையில் எடுத்து லேசாகச் சாய்த்துப் பார்த்தால், சுழலும் பம்பரத்தைச் சாய்ப்பது போல ஒரு எதிர்ப்பு தெரியும். அது தெரிந்தால் தட்டுகள் இன்னும் சுழல்கின்றன என்று அர்த்தம். அவை நிற்கும் வரை அசைக்க வேண்டாம். டிஸ்க் முறையாக நின்றதும் ஹெட் தட்டை விட்டு விலகி, ஓரத்தில் இருக்கும் ஒரு சரிவில் போய் அமர்ந்துவிடும். சட்டென்று கரண்ட் போனால்கூட, தட்டு சுழலும் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை அந்தச் சரிவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எனக்கு இன்றும் வியப்புத் தரும் வேலைப்பாடு அது. ஆனால் அவசரத்துக்கான ஏற்பாடு என்பதால் அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். விமானத்துக்குள் உட்கார்ந்து டிஸ்க்கை லேப்டாப்பில் செருகிப் படம் பார்ப்பதும் வேண்டாம். உயரம் அங்கே பிரச்சினை இல்லை. சாப்பாட்டுப் பலகையின் குலுக்கலும், முன் இருக்கைக்காரர் சட்டென்று பின்னால் சாய்வதும்தான் பிரச்சினை.

போய்ச் சேர்ந்ததும் பலருக்கு அவசரம் வந்துவிடுகிறது. என்னிடம் வந்த ஒருவர், நீண்ட பயணம் முழுக்க டிஸ்க்கை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவர். வீட்டுக்குள் நுழைந்த கையோடு அதைச் செருகி, மேஜை ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறார். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் பெட்டியை நகர்த்தியபோது கேபிள் மாட்டிக்கொண்டது. மேஜையிலிருந்து தரைக்கு, ஓடும் டிஸ்க். தட்டின் மேல் ஹெட் வட்டமாகக் கோடு கிழித்திருந்தது. அவர் பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்களில் பாதியைத்தான் என்னால் திருப்பித் தர முடிந்தது. அந்தப் பாதியை வாங்கிக்கொண்டு அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் ஒரு நாள் பொறுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து ஈரப்பதமும் வெப்பமும் உள்ள இடத்துக்கு வந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலில் வியர்ப்பது போல டிஸ்க்கிலும் வியர்க்கும். பொதியைப் பிரிக்காமலே ஐந்தாறு மணி நேரம் அறையில் வையுங்கள். பிறகு பிரித்து, உறுதியான இடத்தில் படுக்கை வாட்டில் வைத்து, கேபிள் யார் காலிலும் மாட்டாதபடி போட்டு, செருகுங்கள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய ரீங்காரம் என்றால் நல்லது. பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிளம்பும் முன்னும் ஒரு முறை பார்த்து அந்தத் திரையைப் படமெடுத்து வைத்திருந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். டேட்டா பதியும் சின்னச் சின்னக் கட்டங்களுக்கு செக்டார் என்று பெயர். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், நிலுவையில் இருக்கும் செக்டார்கள் என்ற இரண்டு எண்ணிக்கையும் கூடியிருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

'டிக், டிக்' என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே கரண்டை எடுத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஃபிரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மூடியைக் கழற்றிப் பார்க்காதீர்கள். அந்த நிலையில் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஹெட் தட்டை இன்னும் கொஞ்சம் சுரண்டும். அப்படியே அணைத்து, மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பை யார் கையிலாவது சிக்கினால் குடும்பப் படங்கள் வெளியே போய்விடுமே என்று தோன்றினால் என்கிரிப்ட் செய்யலாம், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டலாம். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் அதனோடு வரும் டிஸ்க் யுடிலிட்டி, இரண்டிலும் ஓடும் வெராகிரிப்ட் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் பயணத்துக்கு முந்தின ராத்திரி, இருக்கும் ஒரே டிஸ்க்கின் மேல் அதைத் தொடங்காதீர்கள். நடுவில் தடைபட்டால் வம்பு. புதிதாக வாங்கும் டிஸ்க்கை முதலில் காலியாக என்கிரிப்ட் செய்துவிட்டு, பிறகு அதில் பிரதி எடுங்கள். மீட்பு எண்ணைத் தாளில் எழுதித் தம்பியிடம் கொடுத்துவையுங்கள். பாஸ்வேர்டு மறந்து என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது எதுவுமே இல்லை.

கடைசியாக, அந்தக் கேசட்டுகள். தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அவற்றிலிருந்துதான் இந்த நாற்பது மணி நேரமும் கம்ப்யூட்டருக்கு வந்திருக்கும். டிஜிட்டல் பிரதிகள் எல்லாமே போய்விட்டாலும் திரும்பப் போய் நிற்கக்கூடிய மூலம் அது. எக்ஸ்ரேயால் அவற்றுக்கும் கெடுதல் இல்லை. எடை இடிக்கிறது என்றால், இரண்டு சட்டையை விட்டுவிட்டு அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் தளர்ந்திருந்தால் ஒரு பென்சிலை நுழைத்துச் சுற்றி இறுக்கி, ஒவ்வொன்றையும் அதன் டப்பாவில் போட்டு, டப்பா மேல் அப்பா எழுதி வைத்த கையெழுத்து அழியாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் மூடி, தம்பியிடம் கொடுத்து அனுப்புங்கள்.